மூன்று மொட்டையும் ஒரு குதிரையும்

அறுபதுகளின் கடைசியில், ஒரே வருஷத்துக்குள், நான் மூன்று முறை மொட்டை போட்டுக்கொண்டேன். முதல் மொட்டைக்குத் தெருவில் "திருப்பதியா?" என்று கேட்டார்கள். இரண்டாவதற்கு, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். மூன்றாவது மொட்டைக்கு என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழாயடியில் என் மனைவியைப் பிடித்துக்கொண்டு, "பேன் தொல்லையாம்மா அவருக்கு?" என்று விசாரித்தார்கள்.

மூன்றும் பக்தியோடு போட்டதுதான். மூன்றும் தப்பான சாமிக்குப் போட்டது.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பட்டுத்தறி நெய்கிறவன். காலையில் எழுந்தால் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நாலு கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தறிக்குழியில் கால் வைப்பேன். காஞ்சிபுரத்தில் இதற்கு அதிகம் நடக்க வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை சாமிக்கு நடுவில் இருந்துகொண்டு, எனக்கென்று ஒரு சாமி இல்லையே என்று நான் கிடந்து தவித்ததை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

விஷயம் என் தாத்தாவிடம் ஆரம்பிக்கிறது. அப்பாவைப் பெற்ற தாத்தா. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு பெரிய பஞ்சம் வந்தது. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிராமத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே பலர் விழுந்துவிட்டார்கள். அப்படி வந்த கூட்டத்தில் மிஞ்சிய, ஐந்து வயது இருக்கும், ஒரு பிள்ளைதான் என் தாத்தா. தகப்பன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. எங்கள் தெருவில் பிள்ளையில்லாத ஒரு நெசவுக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. சோறு போட்டார்கள், தறியில் உட்கார வைத்தார்கள், கல்யாணமும் செய்து வைத்தார்கள். ஒன்றே ஒன்றைத்தான் அவர்களால் கொடுக்க முடியவில்லை. தங்கள் குலசாமியைக் கொடுக்க முடியவில்லை. அவர்களுடைய பங்காளிகள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்களாம்: "வளத்துக்கோ, யாரு வேணாம்னா? சாமி எதிர்ல மட்டும் எங்ககூட அவன நிறுத்தாதே."

அதனால் எங்கள் வீட்டுக்குக் குலசாமி கிடையாது. சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எங்கள் ஜனங்களிடம் பெண் கேட்டு வருகிறவர்கள், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வியே அதுதான். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் பங்காளிகள். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அங்கே கொள்ளவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆகையால் முதலில் அதைத் தெரிந்துகொண்டுதான் மேலே பேசுவார்கள். என்னிடம் கேட்டால், "எல்லா சாமியும் நம்ப சாமிதானே" என்று கைகூப்பிச் சிரிப்பேன். வந்தவர்களும் சிரிப்பார்கள். பிறகு வரமாட்டார்கள். என் மகளுக்குப் பத்தொன்பது வயது முடிவதற்குள் இரண்டு இடம் இப்படிச் சிரித்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது இடம் போன அன்று என் மனைவி சொன்னாள்: "தெனம் நாலு கோவில் சுத்தறீங்க. ஒரு சாமியாவது, 'யாருப்பா நீ'ன்னு திருப்பிக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்கிறேன், குலசாமியோடுதான் வந்து நிற்பேன் என்று சபதம் போட்டேன். சபதம் போடும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று போட்டிருக்கலாம்.

என்னிடம் இருந்த தடயம் ஒன்றுதான். அப்பா அதிகம் பேசாதவர். நான் சின்னவனாக இருந்தபோது ஒரு தரம் சொல்லியிருந்தார்: தாத்தாவுக்குச் சிறுவயது ஞாபகம் என்று எஞ்சியிருந்தது இரண்டுதானாம். ஒரு பெரிய தண்ணீர். அதன் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஒரு குதிரை. இதைக் கேட்டால் யாருக்குமே புரிந்துவிடும். தண்ணீர் என்றால் ஏரி. ஏரிக்கரையில் அசையாத குதிரை என்றால் ஐயனார் கோவில் மண் குதிரை. தாத்தாவின் ஊரில் ஏரிக்கரை ஐயனார் இருந்திருக்கிறார், அவர்தான் குலசாமி. எட்டாவது படிப்புக்கு இதைவிடத் தெளிவாக யோசிக்க முடியாது என்று எனக்கு ரொம்பத் திருப்தி.

அமாவாசை அன்று எங்கள் தொழிலில் தறிக்கு ஓய்வு. ஆகவே மாதத்துக்கு ஒரு நாள் என் ஆராய்ச்சி. துணைக்கு என் மச்சான், மனைவியின் தம்பி. அவனிடம் சைக்கிள் இருந்தது. அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டேன். முதல் அமாவாசைக்கு ஓரிக்கை பக்கம் போனோம். ஏரி இருந்தது, குதிரை இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. விழுந்து கும்பிட்டேன். இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊர். அங்கேயும் ஏரி, குதிரை. அங்கேயும் புல்லரித்தது. மூன்றாவது ஊரில் ஏரிக்கரையில் ஏழு குதிரை வரிசையாக நின்றது. அங்கே புல்லரிக்கவில்லை, கால் வலித்தது.

மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. இந்த ஜில்லாவுல ஏரி இல்லாத ஊரு எது, குதிரை இல்லாத ஏரி எது, அத மட்டும் முதல்ல கண்டுபுடிச்சி தள்ளிடுவோம். மீதியப் பாத்துக்கலாம்."

"அப்படித் தள்ளினா எத்தினி மிச்சம்பா?"

"எல்லாமே மிச்சம்தான்."

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கடைசியில் மாகறலுக்கும் அப்பால் ஒரு ஊர். அதன் பேரை எழுதப் போவதில்லை. இப்போது அங்கே எனக்கு மரியாதையான உறவு இருக்கிறது. அந்த ஊர் ஐயனார் கோவில் பூசாரி வயதானவர், பேச ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவர். நான் தாத்தா கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "பஞ்சத்துல போன குடும்பமா? ஐயோ, எத்தினியோ குடும்பம் போச்சுதே!" என்றார்.

"எங்க தாத்தா குடும்பமும் இங்கிருந்துதான் போயிருக்குமாங்க?"

"எல்லாக் குடும்பமும் போயிருக்குது. உங்குளுது மட்டும் போகாம இருந்திருக்குமா?"

அந்த வாதத்தில் இருந்த ஓட்டை இன்றைக்கு என் பேரனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் நான் லேசுப்பட்டவன் இல்லை. சாமியிடமே கேட்டுவிடலாம் என்றேன். பூக் கட்டிப் பார்த்தோம். வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து நூல் சுற்றி சாமி எதிரில் வைத்தோம். 'நான் உன் பிள்ளை என்றால் வெள்ளை கொடு' என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

"வேண்டிக்கினது சரியா வுழல போல," என்றார் பூசாரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பயணக் களைப்பில் மனசு ஒருமைப்படவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கட்டினோம். மறுபடியும் சிவப்பு. மச்சான் சைக்கிளைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல், மூன்றாவது முறை பார்ப்பதுதானே முறை என்று ஒரு முறையை அந்த இடத்திலேயே உண்டாக்கினேன். மூன்றாவது தரம் வெள்ளை வந்தது.

"வந்துட்டாருடா ஐயனாரு!" என்று மண்ணில் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைப் பூவை மட்டும் மனைவியிடம் காட்டினேன். சிவப்பு இரண்டையும் பற்றி மூச்சு விடவில்லை. மச்சானும் விடவில்லை. அந்த மாதம் அவனுக்கு ஒரு புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன், சும்மாதான்.

அதன் பிறகுதான் மொட்டை. குலசாமி கோவிலில் பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது வழக்கம் அல்லவா? தாத்தாவுக்கு இறக்கவில்லை. அப்பாவுக்கு இல்லை. எனக்கு இல்லை. மூன்று தலைமுறை முடி ஐயனாருக்கு வரவில்லை. அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மகன் தன் கிராப்பைத் தொடவிடவில்லை; அந்தக் கடனைத் தீர்க்க மிச்சம் இருந்த தலை என்னுடையதுதான். ஆகவே தாத்தாவுக்காக ஒன்று, அப்பாவுக்காக ஒன்று, எனக்காக ஒன்று. முடி வளர வளர நாலு மாதத்துக்கு ஒரு முறை போனேன். இரண்டாவது முறை நாவிதர் என் தலையைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வளர வுட்டு வந்திருக்கலாமுங்க, கத்திக்கு மாட்டல," என்றார். பரவாயில்லை, இருப்பதை எடுங்கள் என்றேன்.

மூன்றாவது மொட்டைக்குச் சந்தனம் தடவி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மச்சான் ஒரு இடம் கொண்டு வந்தான். எங்கள் ஊர்தான், நாலு தெரு தள்ளி. பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். நல்ல சுபாவம். குலசாமி கேட்டார்களாம், மச்சான், "ஐயனாரு" என்று சொல்லியிருக்கிறான். "எங்களுக்கும் ஐயனாருதான். ஊருக்கு ஒரு ஐயனாரு, அதுக்கு இன்னா," என்று அவர்கள் மேலே பேசியிருக்கிறார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மகள் வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் தறியில் குறுக்கு நூல் போடுகிற நாடா ஓடிய வேகத்தைக் கேட்டு, அவள் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

தாம்பூலம் மாற்றுகிற நாள். தட்டு எடுத்தாகிவிட்டது. பையனின் அப்பா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, "தலைவரு திருப்பதி போய் வந்தாப்ல தெரியுது," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் என்றிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்காக நாற்பத்தைந்து வயது வரை காத்திருந்தவன் ஆயிற்றே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லீங்க. எங்க குலசாமிக்கு," என்று ஊர்ப் பேரைச் சொன்னேன். அது போதாதென்று, பூக் கட்டிப் பார்த்து வெள்ளை வந்ததையும் மொட்டைக் கணக்கையும் சொன்னேன்.

தட்டு அவர் கையிலேயே நின்றது. அவர் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அது எங்க ஐயனாரு," என்றார்.

யாரோ, "அதே ஊரா?" என்றார்கள். அதே ஊர்தான். பாட்டன் காலத்தில் அங்கிருந்து வந்து காஞ்சிபுரத்தில் தறி போட்டவர்களாம்.

"அப்போ நாம சம்பந்தி இல்லீங்க," என்றார் அவர். கோபமில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "பங்காளி."

அவர்கள் சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். அதுதான் இல்லை. பங்காளி வீட்டில் சாப்பிட என்ன தடை? எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடை நன்றாக இருக்கிறது என்றார்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் நடுக்கூடத்தில் யாரும் தொடாமல் இருந்தது.

அவர்கள் போன பிறகு மகள் வந்தாள். அழுதிருந்தாலாவது தேவலை. "நைனா," என்றாள், "ரெண்டு வருசமா சைக்கிள் மிதிச்சி எனக்கு ஒரு அண்ணனக் கண்டுபுடிச்சிக் குடுத்துட்ட. ரொம்ப சந்தோசம்." சொல்லிவிட்டு நேரே தறிக்குழியில் இறங்கினாள். நாள் முழுக்க நாடா ஓடவே இல்லை.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒன்று கேட்டாள்: "உங்க அப்பாவுக்கு ஒரு அக்கா இருக்காங்களே. ஏரிக்கரை குதிரையெல்லாம் ஊரு ஊரா விசாரிச்சீங்க. உங்க தாத்தா பெத்த மகளாச்சே, அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காரணம் இருந்தது. அத்தைக்குத் தன் மகளை எனக்குக் கட்ட வேண்டும் என்று ஆசை. முறைப்பெண். நான் இவளைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் அவர்கள் தெரு வழியாகப் போக நேர்ந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவேன். வெயிலடிக்காத நாளிலும்.

மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"பண்டாரமா? இன்னும் சோறு ஆவல. அப்பறம் வாப்பா."

"அத்த, நான்தான்."

"நான்தான்னா யாரு? எனக்கு ஒரு தம்பி மவன் இருந்தான். அவனுக்குத் தலை நெறைய முடி."

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஏரி, குதிரை, ஐயனார், மொட்டை, தட்டு. உமி என் மொட்டைத் தலையில் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. குதிரை என்று சொன்ன இடத்தில் மட்டும் முறம் நின்றது.

"மண்ணு குதிரையா? யார்ரா சொன்னது உனக்கு மண்ணுன்னு?"

"அப்பா சொன்னாரு, அசையாத குதிரைன்னு..."

"மர குதிரைடா."

எனக்குப் புரியவில்லை.

"உங்க தெருக் கோவில்ல கொளத்தாண்ட வாகன மண்டபம் இருக்குதே, அந்தக் குதிரை. திருவிழாவுக்கு சாமி ஏறிக்கினு வருதே அது. எங்க அப்பாரு ஜொரத்துல அந்த மண்டபத்துல கெடந்தாராம். கண்ணு முழிச்சிப் பாத்தா தலைமேல குதிரை ரெண்டு காலத் தூக்கிக்கினு நிக்குது. மிதிக்கப் போவுதுன்னு பயந்துக்கினு கெடந்தாராம். அது மிதிக்கவே இல்ல. அப்பறம் அது வயித்துக்குக் கீழவே போயி ஒண்டிக்கினாராம். மறுநாளு கொளத்துக்குத் தண்ணிக்கி வந்த அம்மாதான் தூக்கிக்கினு போச்சு."

"அதுக்கு முன்னாடி அத்த? ஊரு, அப்பா, அம்மா?"

"முன்னாடி ஒண்ணுமில்லடா. அவருக்கு முதல் ஞாபகமே அந்தக் குதிரைதான்."

அத்தை சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தேடியது தாத்தா பிறந்த ஊர் ஏரி. அவருக்கு எஞ்சியிருந்ததோ எங்கள் தெருக் குளம். அவருடைய ஊரைச் சேர்ந்த ஒன்றுகூட அவரோடு வந்து சேரவில்லை. ஒரு தகப்பன் பேர், ஒரு தாயின் முகம், எதுவும் இல்லை. பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்தால், பழைய பாவின் நுனி கொஞ்சம் தறியில் விட்டுவைத்து அதோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். அவருக்குப் பிணைக்க அந்த நுனிகூட இல்லை. ஜுரத்தில் கிடந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு, மிதிக்காமல் விட்ட ஒரு மரக் குதிரை மட்டும் இருந்தது.

"எனக்கும் உங்க அப்பனுக்கும் முதல் மொட்டை அந்த மண்டபத்துப் படியிலதான்டா போட்டாரு," என்றார் அத்தை. "கல்யாணப் பத்திரிகையும் மொதல்ல அங்கதான் வெப்பாரு. தனியாத்தான் போவாரு. குதிரைக்குப் பத்திரிகை வெக்கறான்னு ஊரு சிரிக்குமேன்னு வெக்கம். உங்க அப்பனும் அதே மாதிரிதான்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு முந்தி அப்பா ஒரு விடியற்காலை ஒற்றைப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் கண்ணெல்லாம் புதுச் சட்டை மேல் இருந்தது.

"அப்போ எனக்கு முதல் மொட்டை?"

"உனக்கும் அங்கதான். நான்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். என்னா கத்து கத்துன!" முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "பல்லக்குத் தூக்கற மாதிரி வருசா வருசம் அந்தக் குதிரைக்குத் தோள் குடுக்கறியே, ஒரு நாளாவது நிமிந்து அதும் மூஞ்சியப் பாத்திருக்கியாடா?"

பார்த்ததில்லை. வாகனத் தண்டு தோளில் அழுத்தும்போது, என் தோள் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

அத்தையைக் கூப்பிட்டேன், பையன் வீட்டில் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று. "உன் பொண்டாட்டி வந்து கூப்புடட்டும்," என்றார். என் மனைவி அன்றைக்கே போய்க் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது என்னைப் பற்றித்தான் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பையன் வீட்டுக் கூடத்தில் அத்தை குதிரைக் கதையைச் சொன்னார். பையனின் அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா சொல்றது சரிதாங்க. ஏரிக் குதிரை இல்லன்னு ஆயிப்போச்சு. ஆனா பூ கட்டிப் பாத்ததா சொன்னீங்களே? ஐயனாரே வெள்ளை குடுத்துட்டாருன்னா, ஏரி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? அவரு வாக்குக்கு மேல நாங்க எப்படிப் போறது?"

நியாயமான கேள்வி. பதில் அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். மச்சான் தன் புது வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்திமான் என்று நாலு தெருவுக்குப் பேர் எடுத்தவன். அந்தப் பேர்தான் என்னிடம் இருந்த ஒரே சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஓடாமல் கிடந்த தறி ஞாபகத்துக்கு வந்தது.

"அவரு முதல்ல செவப்பு குடுத்தாருங்க," என்றேன்.

"இன்னாது?"

"ரெண்டு வாட்டி செவப்பு. மூணாவது வாட்டிதான் வெள்ளை. நான்தான் வுடாம கேட்டேன்."

என் மனைவி, "ரெண்டு செவப்பா?" என்றாள் மெல்ல. அந்தக் குரலை நான் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டதில்லை.

பையனின் அப்பாவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வாட்டி வாசல்ல நின்னு, 'நீ என் புள்ள இல்ல, போடா'ன்னு சொல்லியிருக்காரு எங்க ஐயனாரு! நீங்க வுடல! மூணாவது வாட்டி அவருக்கே அலுத்துப்போச்சு!"

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு வீட்டாரும் அந்தக் கோவிலுக்குப் போவோம். மறுபடி பூக் கட்டுவோம். ஒரே தரம். கேட்கிறது நான் இல்லை, அவர். வெள்ளை வந்தால் பங்காளி, சிவப்பு வந்தால் சம்பந்தி.

அடுத்த அமாவாசைக்குப் போனோம். பூசாரி என்னைப் பார்த்ததும், "நாலாவதா?" என்று நாவிதருக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். தடுத்துவிட்டோம். பூ மடித்து வைத்தாயிற்று. நான் ஐயனாரின் எதிரில் நின்றேன். என் நிலைமையை என்னவென்று சொல்வது? ஒரு வருஷமாக, 'அப்பனே, நான் உன் பிள்ளை' என்று விழுந்து விழுந்து கும்பிட்ட அதே இடத்தில் நின்று, 'அப்பனே, என்னைத் தெரியாது என்று சொல்லிவிடு' என்று வேண்டிக்கொண்டேன். மூன்று மொட்டையை மனசில் வைத்துக்கொள்ளாதே, அது நானாக ஆசைப்பட்டுப் போட்டது என்றும் சொன்னேன்.

பூசாரி எடுத்தார். நூலைப் பிரிக்க அவருக்கு வரவில்லை. பையனின் அப்பா வாங்கிப் பிரித்தார்.

சிவப்பு.

எல்லாரும் குலவையிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், என் மகள் முகத்தைப் பார்த்தேன், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் உண்மையை எழுதுகிறேன்: துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு சாமி என்னை வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டது. அத்தை என் பக்கத்தில் வந்து, "அழுவாதே, உனக்குத்தான் குதிரை இருக்குதே," என்றார்.

முதல் பத்திரிகையை மண்டபத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். நான் தனியாக, விடியற்காலையில் போகலாம் என்று பார்த்தேன். என் மனைவி விடவில்லை. வெயில் ஏறிய பிறகு, மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, தெரு வழியாக நடந்தே கூட்டிக்கொண்டு போனாள். காவல்காரர், "சன்னிதி அந்தப் பக்கமுங்க," என்றார். "தெரியும்பா, எங்களுக்கு இந்தப் பக்கம்," என்றாள். அன்றுதான் குதிரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கண்ணில் வர்ணம் உதிர்ந்திருந்தது. தூக்கிய முன்னங்காலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு சின்னப் பிள்ளை ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது.

கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. ஆகவே நான் இரண்டு வருஷம் துரத்தி, மூன்று மொட்டை கொடுத்தும் கிடைக்காத அந்த ஐயனார், மூன்று முடிச்சில் என் மகளுக்குக் கிடைத்துவிட்டார். மறு வருஷம் பேரன் பிறந்தான். அவனுக்கு முதல் முடி இறக்க அதே ஏரிக்கரைக்குப் போனோம். தாய்மாமன் முறைக்கு என் மகன் மடியில் வைத்துக்கொண்டான். வீறிட்டு அழுத பேரன், மண் குதிரையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தான். நானும் அவனையே பார்த்தேன். அவனுக்குப் பின்னாளில் இது எப்படி ஞாபகம் இருக்குமோ என்று அன்றைக்கே யோசித்தேன். அதற்காகத்தான் இதை எழுதி வைப்பது. இது மண் குதிரையடா, கண்ணா. உன் பூட்டனுக்கு அப்பனுடையது மரக் குதிரை.

நாவிதர் குழந்தைக்குச் சந்தனம் தடவி முடித்துவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஐயாவுக்கு?" என்றார்.

என் கை தானாகத் தலைமேல் போயிற்று. முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"நான் சம்பந்தி வூட்டுக்காரன்பா," என்று சொல்லி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.